கோல் காத்த வீரர்

சேர்வராயன் மலையடிவாரம் தொடங்கிக் காவிரிக் கரை வரையில் விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி மேட்டு நிலம் மிகுந்த பகுதியாகும். நிலக்கடலை, சோளம், மரவள்ளி முதலியன அங்கே விளைகின்றன. அந்நிலங்கள் பலவற்றைச் சுற்றிக் கிளுவை மரங்களை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்திருப்பார்கள். வேலி தானாக ஒரு மணியும் விளைவிப்பதில்லை. விளைந்ததை ஆடு மாடுகள் மேய்ந்துவிடாமல் காக்கிறது. அறுவடை நாளில் விளைச்சலைப் புகழ்வோர் பலர். வேலியை நினைப்போர் மிகச் சிலர். ஆயினும் வேலியில்லாத பயிரின் கதி என்ன என்பதை உழவர் நன்கு அறிவர்.

கால்பந்தாட்டத்திலும் இத்தகைய வேலியாக நிற்போர் உண்டு. அவர்களே பின்னணிக் காவலர். பந்தைக் கோலுக்குள் செலுத்துபவனைக் கூட்டம் ஆரவாரித்துப் போற்றும். எதிரியின் பந்தைக் கோலுக்கு அருகே வரவிடாமல் தடுத்தவன் பெயர் பெரும்பாலும் மறக்கப்படும். நம் முன்னோர் இவ்வாறு மறக்கவில்லை. கோட்டையை வளைத்துத் தாக்குவோர் உழிஞைப் பூவையும், கோட்டையைக் காத்து நிற்போர் நொச்சிப் பூவையும் சூடுவர் எனப் புறப்பொருள் நூல்கள் கூறும். தாக்குதலைப் போலவே காத்தலும் வீரமே என்பது தமிழர் கொள்கை. நாமக்கல் மலைமேல் உள்ள கோட்டையைக் காண்போர், அதன் மதிலின் உயர்வோடு, அம்மதிலின்மேல் இரவு பகலாக நின்று காத்தவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்தியக் கால்பந்தாட்டத்தில் அவ்வாறு நொச்சி சூடத் தக்க வீரர் ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் சைலேந்திரநாத் மன்னா. சைலேன் மன்னா என்றே நாடு அவரை அறியும். வெறுங்காலுடன் ஆடியவர் அவர். ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல் அன்பினால் ஆடியவர். வெற்றியையும் தோல்வியையும் தலைவராக நின்று ஏற்றவர். அவர் வரலாறு இந்தியக் கால்பந்தாட்டத்தின் இளமைக் கால வரலாறாகவும் அமைகின்றது.

ஆட்டத்தின் அமைப்பு

ஓர் அணியில் பதினொருவர் ஆடுவர். மன்னாவின் காலத்தில் இந்திய அணிகள் அவர்களை நான்கு வரிசையாக நிறுத்தின. கோல் வாயிலில் கோல் காவலர் ஒருவர் நிற்பார். அவருக்கு முன்னே பின்னணிக் காவலர் இருவர். அவர்களுக்கு முன்னே இடையணியினர் மூவர். முன்வரிசையில் தாக்குவோர் ஐவர். ஐவர் கொண்ட முன்னணி ஓடிவரும்போது, இடையணியைக் கடந்த பந்தை எதிர்கொள்ள இரு காவலரே இருந்தனர் என்பதை நோக்கினால், அவர்தம் பணியின் அருமை விளங்கும்.

1925ஆம் ஆண்டில் ஆட்ட விதி ஒன்று மாற்றப்பட்டதனால் அப்பணி மேலும் கடினமாயிற்று. அதற்கு முன், முன்னேறி நின்று பந்தைப் பெறும் ஒருவனுக்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அவன் விதியை மீறியவன் ஆவான். இதனை ஆஃப்சைடு விதி என்பர். 1925இல் மூவர் என்பது இருவர் என மாறியது. தாக்குவோருக்கு வழி எளிதாயிற்று. காவலருக்குச் சுமை கூடிற்று. இங்கிலாந்து நாட்டார் இடையணியின் நடுவரைப் பின்னே இறக்கி மூன்றாம் காவலர் ஆக்கினர். இந்தியாவிலோ இரு காவலர் முறையே நெடுங்காலம் நிலைத்திருந்தது.

ஆகவே காவலனுக்கு வலிய கால் மட்டும் போதாது. பந்து எங்கே வரும் என்று முன்னரே உணரும் கூர்மை வேண்டும். பாய வேண்டிய கணத்தையும் பொறுக்க வேண்டிய கணத்தையும் பகுத்தறியும் நிதானம் வேண்டும். முன்னணியில் ஆடுவோன் ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை வென்றால் வீரன் எனப்படுவான். காவலன் ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை தவறினால் பழியே பெறுவான். இவ்வேறுபாட்டை அறிந்தே மன்னா அவ்விடத்தில் நின்றார்.

வெறுங்கால் மரபு

கால்பந்தாட்டத்தை இந்தியாவிற்குக் கொண்டு வந்தவர் ஆங்கிலேயர். அவர்தம் படைவீரரும் வணிகரும் பூட்ஸ் அணிந்து ஆடினர். இந்திய இளைஞர் அதனைக் கண்டு கற்றனர். ஆனால் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். பூட்ஸ் விலை மிக்கது என்பது ஒரு காரணம். பிறந்தது முதல் வெறுங்காலுடன் நடந்து பழகியவர்க்கு அது தளை போல இருந்தது என்பது மற்றொரு காரணம். வெயிலில் இறுகிய நிலத்தில் வெறுங்கால் விரைந்து திரும்பும்; பந்தின் அசைவைத் தோலே உணரும். ஏரிகள் வற்றிய கோடையில் சேலம் மாவட்டத்துச் சிறுவர் வெறுங்காலுடன் பந்தாடுவதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர்.

1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் இம்மரபிற்குப் பெரும்புகழ் தந்தது. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் அன்று ஐ. எப். ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்குசயர் படைப்பிரிவை எதிர்த்தது. மோகன் பகான் அணியில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியர் வென்றனர். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டில் அவ்வெற்றி எல்லாருடைய நெஞ்சிலும் புத்துணர்ச்சியை ஊட்டியது.

அதன்பின் அக்கழகத்தில் ஆடிய கோஷ்ட பால் என்பவர் பின்னணிக் காவலராகப் பெரும்பெயர் பெற்றார். அவரைக் கடந்து செல்ல இயலாமையால் மக்கள் அவரைச் சீனப் பெருஞ்சுவர் என அழைத்தனர். 1962ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதற் கால்பந்து வீரர் அவரே. அவர் விட்டுச் சென்ற காவற் பணியை ஏற்ற அடுத்த தலைமுறையினருள் முதன்மையானவர் மன்னா.

மன்னாவின் இளமை

சைலேன் மன்னா 1924ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பிறந்தார். கல்கத்தாவிற்கு எதிரே, ஊக்ளி ஆற்றின் மறுகரையில் உள்ள ஹௌரா அவருடைய ஊர். 1940ஆம் ஆண்டில், ஹௌரா யூனியன் என்னும் கழகத்தில் அவர் ஆடத் தொடங்கினார். அப்போது அக்கழகம் கல்கத்தா லீக்கின் இரண்டாம் பிரிவில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் திறமை ஆற்றைக் கடந்து கல்கத்தாவிற்கு எட்டியது. 1942இல் மோகன் பகான் அவரை ஏற்றுக்கொண்டது.

அக்காலம் எளிதானதன்று. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1943இல் வங்காளத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. இத்தகைய துன்பங்களுக்கு இடையிலும் மாலைப் பொழுதில் கல்கத்தா மைதானத்தில் பந்தாட்டம் நடந்தது. மக்கள் திரண்டு சென்று கண்டனர். 1960ஆம் ஆண்டு வரையில் பதினெட்டு ஆண்டுகள் மன்னா அந்த ஒரே கழகத்திற்காக ஆடினார். 1950 முதல் 1955 வரையில் அதன் தலைவராகவும் விளங்கினார். அவர் தலைமையில் 1953இல் மோகன் பகான் முதன்முறையாகத் தூரந்த் கோப்பையை வென்றது. 1954இல் கல்கத்தா லீக்கையும் ஐ. எப். ஏ. கேடயத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. 1955இல் ரோவர்ஸ் கோப்பையையும் முதன்முறையாகப் பெற்றது.

இடப்பக்கக் காவலராக நின்ற மன்னா, தடுப்பதோடு அமையவில்லை. நெடுந்தொலைவிலிருந்து அவர் உதைக்கும் நேருதை எதிரிகளை அஞ்சச் செய்தது. காலணியின் துணையின்றி அத்துணை வன்மையாக உதைத்தது கண்டோர் வியப்புற்றனர்.

ஆர்வலர் என்னும் சொல்

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டிலேயே பணம் பெற்று ஆடுவது ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஊதியம் பெறாது ஆடுவோரை அமெச்சூர் என்றனர். அச்சொல் பிரெஞ்சு மொழியினின்றும் வந்தது. அன்பு கொண்டவன் என்பது அதன் பொருள். அன்புடையாரை வள்ளுவர் ஆர்வலர் எனக் குறித்தார். ஆகவே அமெச்சூர் என்பதற்கு ஆர்வலர் என்னும் தமிழ்ச்சொல் மிகப் பொருந்தும். வேறொரு தொழிலால் வயிறு வளர்த்து, ஆட்டத்தை அதன்பொருட்டே விரும்பி ஆடுபவனே ஆர்வலன்.

மன்னா இத்தகைய ஆர்வலர். அவர் பணியாற்றிய இடம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. அதன் ஊதியமே அவர் குடும்பத்தைக் காத்தது. வேலையும் ஆட்டமும் ஒன்றையொன்று கெடாதவாறு நடத்துவதற்கு மிகுந்த கட்டுப்பாடு வேண்டும். அக்கட்டுப்பாட்டைப் பதினெட்டு ஆண்டுகள் அவர் காத்துவந்தார்.

அக்காலத்து ஒலிம்பிக் பந்தயங்களில் ஆர்வலர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்ற விதி இருந்தது. தொழில்முறையினரும் ஆடுவதற்கு வேறொரு களம் வேண்டும் என்ற எண்ணத்தாலேயே 1930இல் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கியது. 1904இல் பாரிசு நகரில் தோன்றிய பீஃபா என்னும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அதனை நடத்தியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் சூல்சு ரிமே என்னும் பிரெஞ்சுக்காரர்.

இலண்டனில் ஒரு மாலை

1948ஆம் ஆண்டு இலண்டன் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டும் நிறையவில்லை. முதன்முறையாக இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் களத்தில் புகுந்தது. நாகர் மலையினின்றும் வந்து கல்கத்தாவில் மருத்துவம் பயின்ற தாலிமெரேன் ஆவோ என்பவர் அணித்தலைவர். மன்னா பின்னணிக் காவலருள் ஒருவர்.

சூலை 31ஆம் நாள் இல்ஃபோர்டு என்னுமிடத்தில் இந்தியா பிரான்சு நாட்டின் ஆர்வலர் அணியை எதிர்த்தது. இந்தியருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களம் இறங்கினர். கண்டோர் திகைத்தனர். ஆட்டம் தொடங்கியபின் திகைப்பு வியப்பாக மாறியது. பந்தை விரைவாகவும் நுட்பமாகவும் கடத்திய இந்தியர் பிரெஞ்சு அணிக்குச் சற்றும் இளைக்கவில்லை. முப்பதாம் நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் பெற்றது. எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் என்பவர் அதனை ஈடு செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற முதற் கோல் அதுவே.

அன்று இந்தியாவிற்கு இருமுறை பெனால்டி எனப்படும் தண்ட உதை கிட்டியது. எதிரணியினர் தம் கோலுக்கு அருகே பெரும் பிழை செய்தால் நடுவர் அதனை அளிப்பார். கோலிலிருந்து பன்னிரண்டு கெசத் தொலைவில் பந்தை வைத்து ஒருவர் உதைக்க வேண்டும். எட்டுக் கெச அகலமும் எட்டு அடி உயரமும் உடைய வாயிலில் கோல் காவலர் மட்டுமே நிற்பார். பார்ப்பவர்க்கு எளிது போலத் தோன்றும். உதைப்பவனுக்கோ நாட்டின் சுமை முழுவதும் ஒரு காலில் வந்து தங்கும்.

இரண்டு தண்ட உதைகளும் வீணாயின. ஒன்றை உதைத்தவர் மன்னா. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கையில் பிரான்சு இரண்டாம் கோலைப் பெற்று வென்றது. நூலிழை அளவில் வெற்றி நழுவியது. தோற்ற அணியின் ஆட்டத்தையே இங்கிலாந்து மக்கள் பெரிதும் பாராட்டினர். ஆயினும் பாராட்டு வெற்றியாகிவிடுமா? வெல்லத்தக்க ஆட்டத்தில் தம் கால் தவறியதை ஒரு வீரன் எளிதில் மறக்க இயலாது.

இத்தகைய நேரத்தில் மனிதர் இருவகையாக ஒழுகுவர். ஒருவகையார் மனம் ஒடிந்து களத்தை விட்டு விலகுவர். மற்றொரு வகையார் அடுத்த நாளும் பயிற்சிக்கு வருவர். மன்னா இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

பிரேசில் செல்லாத அணி

1950ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இந்தியாவின் பிரிவிலிருந்த ஏனைய நாடுகள் விலகிக்கொண்டமையால், தகுதியாட்டம் ஆடாமலே இந்தியாவிற்கு அதில் இடம் கிடைத்தது. ஆனால் இந்திய அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடக்கூடாது என்று தடுத்தமையாலேயே செல்லவில்லை என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கேட்பதற்குச் சுவையான கதைதான்; ஆனால் அது உண்மையன்று என்று மன்னாவே பிற்காலத்தில் கூறினார். அவ்வணியின் தலைவராகச் சென்றிருக்க வேண்டியவர் அவர்.

உலகக் கோப்பையின் பெருமை அன்று இந்தியாவில் நன்கு உணரப்படவில்லை என்பதும், ஒலிம்பிக் பந்தயமே உயர்ந்தது எனக் கருதப்பட்டது என்பதும் அவர் கூறிய விளக்கம். பயிற்சிக்குக் காலம் போதாமை முதலியவற்றை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக் காரணமாகக் காட்டியது. பயணச் செலவின் பெரும்பகுதியைப் பிரேசில் நாட்டாரே ஏற்க முன்வந்தனர்; எனினும் பயன் விளையவில்லை. அதன்பின் ஆடவர் உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் இந்தியா இன்றுவரை ஆடியதில்லை. வாயிலுக்கு வந்த வாய்ப்பின் மதிப்பை உரிய காலத்தில் உணராவிடின் விளையும் இழப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இஃது ஒரு சான்று. வீரர் ஆயத்தமாக இருந்தும், அவர்களை நடத்துவோர் தொலைநோக்கின்றி இருந்தால் வீரரின் திறம் வீணாகும் என்பதும் இதனால் பெறப்படும்.

தில்லியில் பெற்ற பொன்

1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதல் ஆசியப் பந்தயங்கள் தில்லி மாநகரில் நடந்தன. மன்னா இந்திய அணியின் தலைவர். சையது அப்துல் ரகீம் பயிற்சியாளர். மார்ச்சு 5ஆம் நாள் இந்தியா இந்தோனேசியாவை மூன்று கோல்களால் வென்றது. 7ஆம் நாள் ஆப்கானிசுத்தானத்தையும் மூன்று கோல்களால் வென்றது. 10ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று பொற்பதக்கம் பெற்றது. இறுதி ஆட்டத்தின் கோலைப் பெற்றவர் சாகு மேவாலால். நாடெங்கும் அவர் பெயர் முழங்கியது; அஃது அவருக்கு உரிய புகழே.

ஆயினும் மற்றொரு கணக்கையும் நோக்குதல் வேண்டும். அம்மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஏழு கோல்கள் பெற்றது. எதிரணிகள் மூன்றும் சேர்ந்து ஒரு கோலும் பெறவில்லை. இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் பொன்னாக மாறியது எதனால்? எதிரிக்கு ஒன்றும் கிடைக்காமையாலேயே. மேவாலாலின் கோல் விளைச்சல்; மன்னாவும் அவருடைய தோழரும் அமைத்த காவல் வேலி. இரண்டும் சேர்ந்ததே வெற்றி. இலண்டனில் தம் காலால் கிட்டாத வெற்றியை மன்னா மூன்றாண்டுகள் பொறுத்து, தில்லியில் தம் காவலாலும் தலைமையாலும் நாட்டிற்கு ஈட்டித் தந்தார்.

எல்சிங்கியில் கற்ற பாடம்

வெற்றியின் மகிழ்ச்சி ஆறுமுன்னரே ஒரு கடுந்தோல்வி வந்தது. 1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. மன்னா மீண்டும் தலைவர். சூலை 15ஆம் நாள் இந்தியா யூகோசுலாவியாவை எதிர்த்தது. குளிர்ந்த காற்றும் ஈரப் புல்லும் இந்தியருக்குப் புதியன. வெயிலில் இறுகிய தரையில் விரைந்து திரும்பிய வெறுங்கால்கள் அங்கே வழுக்கின. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது. சென்ற ஆண்டு ஒரு கோலும் விடாத அணித்தலைவரின் கண்முன்னே இவ்வாண்டு பத்துக் கோல்கள் வீழ்ந்தன.

யூகோசுலாவிய அணி அவ்வாண்டு வெள்ளிப் பதக்கம் பெற்ற பேரணி என்பது உண்மையே. எனினும் இந்தியர் அதனையே காரணமாகச் சொல்லி ஆறுதல் அடையவில்லை. வெறுங்கால் ஆட்டத்தின் காலம் முடிந்தது என்பதை உணர்ந்தனர். அத்தோல்விக்குப் பின் பூட்ஸ் அணிதல் வேண்டும் என்று கூட்டமைப்புக் கட்டளையிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டிற்குப் பெருமை தேடித் தந்த மரபு அது. தேசத்தின் மானமே வெறுங்காலில் நிற்பதாக எண்ணியவரும் இருந்தனர். ஆயினும் காலத்திற்கும் இடத்திற்கும் ஏலாத பழக்கத்தை விடுவது பழைமையை இகழ்வதாகாது. மானாவாரி நிலத்திற்குரிய விதையை ஆற்றுப்பாசன வயலில் விதைப்பதில்லை. விதை குறைபாடுடையதன்று, நிலம் வேறு. ஆட்டத்திற்கும் அதுவே முறை.

பழக்கத்தை மாற்றியதன் பயன் விரைவிலேயே விளங்கியது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆசுத்திரேலியாவை நான்குக்கு இரண்டு என வென்று அரையிறுதியை அடைந்தது. அங்கே எதிர்ப்பட்டது அதே யூகோசுலாவியா. இம்முறை இந்தியாவே முதற் கோல் பெற்றது; பின்னர் நான்குக்கு ஒன்று எனத் தோற்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. 1962ஆம் ஆண்டு சகார்த்தா நகரில் நடந்த ஆசியப் பந்தயத்தில் இந்தியா இரண்டாம் முறை பொன் வென்றது. தலையில் காயம் பட்டிருந்த பின்னணிக் காவலர் சர்னெயில் சிங் இறுதி ஆட்டத்தில் முன்னணியில் நின்று ஒரு கோல் பெற்றார். காவலர் மரபு அறுந்துபோகவில்லை என்பதற்கு அது சான்றாயிற்று.

இம்மரபில் தமிழ்நாட்டிற்கும் பங்கு உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு நிலைய அணி 1955, 1958ஆம் ஆண்டுகளில் தூரந்த் கோப்பையை வென்றது. அவ்வணியில் ஆடிய பீட்டர் தங்கராசு இந்தியாவின் கோல் காவலராகி, மெல்போர்னிலும் சகார்த்தாவிலும் இந்தியாவிற்காக ஆடினார்.

பிற்காலமும் பெருமையும்

எல்சிங்கித் தோல்விக்குப் பின்னும் மன்னா தலைமையினின்று விலகவில்லை. 1952 முதல் 1955 வரையில் இந்தியா, பாகிசுத்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடந்த போட்டியில் இந்தியா ஒவ்வோராண்டும் வெற்றி பெற்றது. அவற்றுள் முதலாண்டின் வெற்றியைப் பாகிசுத்தானுடன் பகிர்ந்துகொண்டது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1953இல் வெளியிட்ட ஆண்டு நூலில் உலகின் சிறந்த அணித்தலைவர் பதின்மருள் மன்னாவும் ஒருவராகக் குறிக்கப்பட்டார். 1971இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2000ஆம் ஆண்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை ஆயிரமாண்டின் சிறந்த இந்தியக் கால்பந்து வீரர் எனப் போற்றியது. ஆட்டத்தினின்று ஓய்வு பெற்ற பின்னரும் மோகன் பகான் கழகத்தின் பணிகளில் அவர் துணை நின்றார். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார்.

மன்னாவின் வாழ்க்கை தோல்வியே காணாதவரின் வாழ்க்கையன்று. இலண்டனில் தண்ட உதை தவறியது. பிரேசில் செல்லும் வாய்ப்புப் பறிபோயிற்று. எல்சிங்கியில் பத்துக் கோல்கள் வீழ்ந்தன. இம்மூன்றையும் தாங்கியவரே தில்லியில் பொன் பெற்ற அணிக்குத் தலைவராகவும் நின்றார். வீழ்ச்சிக்குப் பின்னும் தம் இடத்தில் வந்து நிற்பதே காவலனின் கடமை. அவ்விடத்தை அவர் பதினெட்டு ஆண்டுகள் விட்டு அகலவில்லை.

பள்ளி மைதானத்தில் அணி பிரிக்கும்போது சிறுவர் அனைவரும் முன்வரிசையில் ஆடவே விரும்புவர். பின்னே நிற்கச் சொன்னால் முகம் வாடுவர். வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் பின்வரிசைப் பணிகள் பல உள. அவற்றைச் செய்வோர்க்கு ஆரவாரம் கிட்டாது. அவர் இல்லாதபோதே அவர்தம் அருமை தெரியும். ஆட்ட முடிவில் எதிரணியின் பெயருக்கு நேரே சுழியம் எழுதப்படும்போது, அதனை எழுதச் செய்தவர் பின்னே நின்ற காவலர் என்பதை உணர்ந்து போற்றுவதே அறிவுடைமையாகும்.